மறைந்த அரச உத்தியோகத்தருக்கு மலையகத்தில் நினைவு: சிலைக்கு முன் செய்ய வேண்டியவை

கேட்கப்பட்டது இதுதான். இலங்கை மலையகத்தில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிறகு பிரதேச செயலகத்திலும் வேலை பார்த்து, பிரசாவுரிமையும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் தவித்த சனங்களுக்காகக் கடைசி வரைக்கும் நின்ற ஒருவர் காலமாகிவிட்டார். முதலாம் ஆண்டு நினைவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இளைஞர்கள் சிலை என்கிறார்கள். ஆசிரியர்கள் பாடசாலைக்கு அவர் பெயரை வைக்கலாம் என்கிறார்கள். குடும்பத்தார் நினைவு மலர் போதும் என்கிறார்கள். சேர்ந்திருக்கும் பணமோ கொஞ்சம். எதிலிருந்து தொடங்குவது?

அவர் வீட்டில் இருக்கும் கடதாசிகளிலிருந்து தொடங்குங்கள். சிலையை அடுத்த வருடமும் வைக்கலாம், பத்து வருடம் கழித்தும் வைக்கலாம். கடதாசி அப்படியல்ல. நுவரெலியா, அட்டன் பக்கத்து ஈரத்தில் கூரை ஒழுகும் ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சணம் பிடித்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் மண்சரிவிலும் எத்தனை வீடுகளின் ஆவணங்கள் போயின என்பது மலையகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைவிடச் சாதாரணமாக நடப்பது வேறு: திவசத்துக்கு வீடு சுத்தம் பண்ணும்போது “பழைய பேப்பர்” என்று எடையில் போட்டுவிடுவார்கள். இன்றைக்கே போய் அந்தப் பெட்டிகளை யாரும் தொடாதபடி சொல்லிவிட்டு வாருங்கள்.

கடதாசிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? இவருடைய வாழ்க்கை வேலையே கடதாசியால் மனிதர்களுக்கு உரிமை எடுத்துக் கொடுத்ததுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததையோ, தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததையோ நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டன், பூட்டன் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது: கலியாணம் முடித்தவர் 7 வருடம், முடிக்காதவர் 10 வருடம். அதற்குச் சாட்சி செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) விழுந்த பேர், டிஸ்பென்சரிப் பதிவு, பாடசாலை இடாப்பு. அதே 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தோடு வாக்கும் போயிற்று. 1947இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களால் 1952இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

ஆகையால் அவருடைய கட்டுகளைப் பிரிக்கும்போது ஆங்கில எழுத்து வரிசையிலோ ஊர் வரிசையிலோ பிரிக்காதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது என்று பாருங்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபர் 30இல் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தார்கள். 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்தார்கள். பிறகு நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்க வந்த 1986, 1988 சட்டங்கள். கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 தொடக்கம் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் பிரசாவுரிமை கொடுத்தது. ஒரு விண்ணப்பத்தின் திகதியைப் பார்த்தாலே அந்தக் குடும்பம் எந்தக் கதவில் தட்டிக்கொண்டு நின்றது என்று தெரிந்துவிடும். நாளைக்கு ஒரு மாணவி இதை வைத்து ஆய்வு செய்யப் போனால் இந்த வரிசைதான் அவளுக்கு உதவும்.

வேலைமுறை இப்படி. ஈரமில்லாத ஒரு அறை, ஒரு நீட்டு மேசை, மூன்று பேர் போதும். முதலில் பெட்டி எப்படி இருந்ததோ அப்படியே போட்டோ எடுத்துவிடுங்கள். அவர் வைத்த ஒழுங்கே ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, இறப்பர் வளையம் எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டவே கூடாது, லெமினேட் பண்ணவே கூடாது. இரண்டும் நாளடைவில் கடதாசியைக் கெடுத்துவிடும், திருப்பியும் எடுக்க முடியாது. குறிப்பு எழுத வேண்டுமானால் பென்சிலால், பின்பக்க மூலையில். நனைந்தது ஏதாவது இருந்தால் இரண்டு நாளைக்குள் காற்றில் உலர்த்த வேண்டும், அதற்கு மேல் போனால் பூஞ்சணம். வெயிலிலும் அடுப்பங்கரையிலும் காய வைக்காதீர்கள், மை மங்கும், கடதாசி சுருளும். உலர்ந்ததைக் கட்டியான அட்டைப் பெட்டியில் போட்டு, நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி பாதுகாப்பு என்று நினைப்பார்கள். மலைநாட்டில் அதற்குள் ஈரம் அடைபட்டு நாசமாகும்.

பிரதி எடுக்க நல்ல கைத்தொலைபேசியே போதும். ஜன்னல் பக்கத்து வெளிச்சம், பிளாஷ் இல்லை, தாளுக்கு நேர் மேலே, நிழல் விழாமல். புகைப்படங்களை மட்டும் ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொக்கியூமென்டாக அனுப்புங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் வருடம், மாதம், தோட்டத்தின் பெயர், இலக்கம் என்று பெயர் வையுங்கள். மூன்று பிரதி: ஒன்று குடும்பத்திடம், ஒன்று நினைவை நடத்தும் உங்கள் சங்கத்திடம், ஒன்று கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரிடம்.

இரண்டு எச்சரிக்கை. அவர் வீட்டில் இருப்பவற்றில் சில கந்தோருக்குச் சொந்தமான கோப்புகளாக இருக்கலாம். பொது ஆவணங்களைத் தனியார் வைத்திருக்கவோ அழிக்கவோ முடியாது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அதைப் பார்க்கிறது. அவற்றைத் தனியாகப் பட்டியலிட்டு, எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். மற்றது, மக்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள். அதில் அடையாள அட்டை இலக்கம், குடும்பச் சண்டை, சாதிப் பெயர், யார் யாருக்குப் பிறந்தார் என்பது வரைக்கும் இருக்கும். நம்பி எழுதியவர்களுடைய இரகசியம் அது. பெயர் மறைக்காமல் முகநூலில் போட்டால் அவருடைய வாழ்நாள் நம்பிக்கையை அவருடைய நினைவு நாளிலேயே உடைத்தவர்களாவீர்கள்.

மூலப் பிரதிகளை நிரந்தரமாக வைக்க ஊருக்குள் இடமில்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தோடும் தேசிய சுவடிகள் திணைக்களத்தோடும் பேசலாம். கம்பளைக்குக் கிட்ட, பரதெக்கவில் பழைய பீகொக் தோட்டத்தில் 2007 தொடக்கம் இருக்கும் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இந்த மாதிரிப் பொருள்களுக்கென்றே அமைந்த இடம். மின்பிரதிகளுக்கு, இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும், யார் பார்க்கலாம், எதை எத்தனை வருடத்துக்கு மூடி வைக்க வேண்டும் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகே கொடுங்கள்.

அவருடைய சேவை விபரங்களை நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவு மலர்களில் பாதிப் பிழை இங்கேதான் வருகிறது: நியமனத் திகதி ஒரு பக்கத்தில் ஒன்று, இன்னொரு பக்கத்தில் ஒன்று. ஓய்வூதியக் கோப்பில் நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு எல்லாம் வரிசையாக இருக்கும். வீட்டில் அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் அவர் கடைசியாக வேலை பார்த்த கந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமிருப்பதால் மனைவி அல்லது பிள்ளை பெயரில், மரணச் சான்றிதழ்ப் பிரதியையும் இணைத்து அனுப்புவது நல்லது.

கடதாசியில் இல்லாதது மனிதர்களிடம் இருக்கிறது. அவரிடம் உதவி பெற்றவர்களில் வயது கூடியவர்களை முதலில் பிடியுங்கள், அதிலும் பெண்களை. பிரசாவுரிமை விண்ணப்பம் குடும்பத் தலைவன் பெயரில் போனதால் பெண்களுடைய பங்கு எழுத்தில் குறைவு. ஆனால் கொழுந்துக்குப் போகாமல் பேர் (அன்றைய நாட்சம்பளம்) இழந்து, கைக்குழந்தையோடு கந்தோர் வாசலில் நின்றவர்கள் அவர்கள்தான். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமான மனுசன்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: அன்றைக்கு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டீங்க அம்மா? எந்தெந்தக் கடதாசி கொண்டுபோனீங்க? மேசையில இருந்தவர் எந்தப் பாஷையில பேசினார்? எத்தனை தடவை திருப்பி அனுப்பினாங்க? இவர் என்ன மாத்திச் செஞ்சார்? ஒருவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு தொலைபேசியில் பதியுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, பணத்தை எங்கே போடுவது என்பதற்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில் இவருக்குப் பொருத்தமான நினைவு, வருடா வருடம் அவர் நினைவு நாளையொட்டி அவர் பெயரில் ஓர் ஆவண நாள். அவர் செய்த வேலை முடிந்துவிடவில்லை. பிரசாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தாலும், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று திண்டாடும் குடும்பம் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. “ராமாயி” என்ற பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வரும்போது “ரமய்” ஆகிவிடும். சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும். அன்றைக்கு “இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தானா?” என்று கேட்பார்கள்.

ஆவண நாளை நடத்துவது இப்படி. இரண்டு மாதத்துக்கு முன்பே பிரதேச செயலாளருக்கு எழுதி, மேலதிக மாவட்டப் பதிவாளரையும் ஆட்பதிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் அனுப்பும்படி கேளுங்கள். நடமாடும் சேவை அவர்களுக்குப் புதிதல்ல. கொழுந்து கூடிய ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம், சம்பள நாளும் வேண்டாம். சனிக்கிழமை நல்லது. நிகழ்வுக்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் இளைஞர்கள் லயம் லயமாகப் போய் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: யாருக்கு என்ன இல்லை, எந்தப் பெயர் எதில் பிழை, கையில் இருக்கும் சாட்சி என்ன. இந்த முன்வேலையைச் செய்யாமல் மேசை போட்டால் அன்று முழுக்க “இன்னொரு நாள் கொண்டு வாங்க” என்று சொல்லி அனுப்பத்தான் முடியும். முதல் வருடம் 40 குடும்பத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

பதியப்படாத பிறப்புக்கு, பிறந்து மூன்று மாதம் கடந்திருந்தால் பிரகடனத்தோடு காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாட்சியாகப் பிள்ளையின் சுகாதாரக் குறிப்பேடு, ஆஸ்பத்திரி அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ், பாடசாலை இடாப்புப் பிரதி, பெற்றோரின் விவாகச் சான்றிதழ், இவற்றில் எத்தனை கிடைக்குமோ அத்தனையும். தோட்டத்தில் பிறப்புப் பதிவு முன்பு துரை (தோட்ட அத்தியட்சகர்) அனுப்பும் அறிக்கையை நம்பி இருந்தது. அறிக்கை போகாத பிள்ளைக்குப் பதிவும் இல்லை. எவ்வளவு தேடியும் பதிவு அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது, ஆனால் தேடிப் பார்த்தும் பதிவு இல்லை என்ற பதிலை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். அடையாள அட்டை விண்ணப்பத்தில் தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரும், படிக்கும் பிள்ளைகளுக்கு அதிபரும் அத்தாட்சிப்படுத்துவார்கள். அதனால் துரைக்கும் அதிபருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சமாதான நீதவான் ஒருவரும், போட்டோப் பிரதி இயந்திரமும், மின்சாரம் போனால் ஜெனரேட்டரும் அவசியம். மூல ஆவணத்தை யார் கையிலும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். புரோக்கர்மாரின் வியாபாரமே அந்த மூல ஆவணங்களில்தான் ஓடுகிறது.

விலாசத்தையும் கவனியுங்கள். லயத்தில் காம்பரா (அறை) இலக்கம் இல்லாமல் “மேல் டிவிசன், இன்ன தோட்டம்” என்று மட்டும் எழுதினால் கடிதம் தோட்டக் கந்தோரில் போய் நிற்கும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். லய இலக்கம், காம்பரா இலக்கம், தொலைபேசி இலக்கம் மூன்றையும் எல்லாப் படிவத்திலும் எழுதப் பழக்குங்கள்.

அவர் இருந்த கந்தோரிலேயே செய்யக்கூடிய இன்னொரு மரியாதையும் உண்டு. அங்கே தமிழில் படிவம் கிடைக்கிறதா, தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் வருகிறதா என்று பாருங்கள். 1999ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களிலும் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. நடைமுறையில் குறை இருந்தால் திகதி, படிவத்தின் பெயர், நடந்தது இவற்றோடு அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். சமத்துவம் என்று மேடையில் பேசுவதைவிட ஒரு தமிழ்ப் படிவத்தைக் கவுண்டரில் நிரந்தரமாக வைக்கச் செய்வதை அவர் பெரிதாக நினைத்திருப்பார்.

புலமைப்பரிசில் நிதி என்றால் கணக்கு சரியாகப் போட வேண்டும். உதாரணத்துக்கு 5,00,000 ரூபாவை 8 வீத நிலையான வைப்பில் போட்டால் வருடத்துக்கு 40,000 ரூபா, வரி கழித்தால் அதிலும் குறையும். 2022க்குப் பிறகு வட்டி எப்படி ஏறி இறங்கியது என்று எல்லோரும் பார்த்தோம். ஆகவே வட்டியில் முக்கால்வாசியை மட்டும் கொடுத்து, கால்வாசியை முதலோடு சேருங்கள். பத்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுப்பதைவிட, சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்குப் பட்டணம் போய்ப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருட பஸ் காசைப் பொறுப்பெடுப்பது மேல். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த இடத்தில் இடைவிலகுகிறார்கள். கணக்கில் மூன்று பேர் கையெழுத்து, இரண்டு பேர் போட்டால் காசு எடுக்கலாம், மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

நினைவு மலரைப் பற்றிச் சுருக்கமாக. அமைச்சர், தலைவர், அதிபர் என்று வாழ்த்துச் செய்திகளே முதல் 30 பக்கத்தைத் தின்றுவிடும். அனைத்தையும் சேர்த்து இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருந்தால் அச்சுச் செலவு வீணாகாது: 64 அல்லது 80. சேவைக் கால அட்டவணை, ஆவணங்களின் படங்கள், மக்களின் சாட்சியம், இவை மூன்றும் முதுகெலும்பு. கொழும்பில் தேசிய நூலக சபையிடம் ஐஎஸ்பிஎன் எடுத்தால் நூலகங்களில் தேடக் கிடைக்கும்.

பாடசாலைக்குப் பெயர் வைப்பது நேரம் எடுக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டத் தீர்மானத்தோடு தொடங்கி, அதிபர், வலயக் கல்விப் பணிமனை, மாகாணக் கல்வி நிர்வாகம் என்று கோப்பு நகர வேண்டும். எட்டு மாதத்தில் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பழைய பெயரில் சான்றிதழ் வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்குச் சிக்கல் வரும், ஊரில் வேறொரு பெயருக்கும் ஆதரவு இருக்கலாம். பாடசாலை வாசிகசாலைக்கோ தோட்டத்து நூலகத்துக்கோ பெயர் வைப்பது இலகு. முன்பு தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் கொடுக்காது என்று பிரதேச சபைகள் கையை விரிக்கும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பதில் செல்லாது. ஆனால் அதே வருடம் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் ஆறாகப் பிரிந்தன. உங்கள் டிவிசன் நுவரெலியா, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை இவற்றில் எதற்குள் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

சிலை கடைசியில். தோட்டக் காணி அரசுடையது, கம்பனியிடம் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. துரை வாயால் சரி என்றது போதாது, அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் அகற்றச் சொல்லலாம். கம்பனியின் எழுத்து அனுமதி, பிரதேச சபையின் அனுமதி, சரிவான இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு, மூன்றும் வேண்டும். மலிவான சீமெந்துச் சிலைக்குள் கம்பி மேற்பரப்புக்குக் கிட்ட இருந்தால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் துருவேறி மூக்கும் விரலும் வெடித்து விழும். முகம் அவர் மாதிரியே இல்லை என்ற குறையும் வரும். அந்தப் பணத்துக்குக் கருங்கல்லில் வெட்டிய ஒரு நினைவுக்கல் போதும்: இரண்டடிக்கு ஒன்றரையடி, எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பெயர், பிறந்த தோட்டம், பிறந்த இறந்த வருடம், என்ன செய்தார் என்று ஒரே ஒரு வரி. “இத்தோட்ட மக்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் பிரசாவுரிமையும் எடுத்துக் கொடுத்தவர்” என்றால் போதும். “மாமனிதர், சமூகச் சிற்பி” எல்லாம் வேண்டாம். திறந்து வைத்தவரின் பெயரை அந்தக் கல்லில் வெட்டாதீர்கள். மலையகத்தில் எத்தனையோ கல்லில் திறந்துவைத்தவர் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது. கல் வெட்டுவதற்கு முன் மூன்று மொழி வாசகத்தையும் தாளில் அச்சிட்டு, அந்தந்த மொழி நன்றாகத் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகக் காட்டித் திருத்துங்கள். வெட்டிய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

எட்டு மாதத்தைப் பிரித்துக்கொண்டால்: முதல் இரண்டு மாதம் கடதாசி, அதோடு சேர்த்தே வயதானவர்களின் பதிவு. மூன்றாம் மாதம் சேவை விபரம் கேட்டு விண்ணப்பம். ஐந்தாம் மாதத்துக்குள் மலருக்கான எழுத்து கையில் இருக்க வேண்டும். ஆறாம் மாதம் பிரதேச செயலகத்துக்கு ஆவண நாள் கடிதமும் கல்லுக்கான முன்பணமும். ஏழாம் மாதம் லயம் லயமாகப் படிவம். எட்டாம் மாதம் நிகழ்வு. வரவு செலவை நிகழ்வு முடிந்து ஒரு மாதத்துக்குள் கோயில் வாசலிலும், காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள், யார் எவ்வளவு தந்தார், எதற்கு எவ்வளவு போனது, வங்கியில் மிச்சம் எவ்வளவு என்று.